வாரம் ஒரு வேளை ஒரே மேசையில்: வெளிநாட்டில் வீடு பகிர்ந்து வசிப்பவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போய், முன்பின் தெரியாத நான்கைந்து பேரோடு ஒரே வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு முதல் சில மாதங்களிலேயே ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். சமையலறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவது, பத்து நிமிடத்தில் எதையோ சூடாக்குவது, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது. நான் எட்டு மாதம் அப்படித்தான் சாப்பிட்டேன். பக்கத்து அறைக்காரர் இருமினால் சுவர் வழியாகக் கேட்கும். அவர் பெயரை எப்படி உச்சரிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

வாரத்தில் ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது என்று அந்த வீட்டில் ஆரம்பித்த பிறகுதான், உடம்பு சரியில்லாத நாளில் கதவைத் தட்டி "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்க ஆள் கிடைத்தது. அதற்குப் பிறகு நான்கு வீடுகள் மாறிவிட்டேன். ஒரு வீட்டில் இந்தப் பழக்கம் மூன்றே வாரத்தில் நின்றுபோனது, இன்னொன்றில் இரண்டு வருடம் ஓடியது. நின்றதற்கும் ஓடியதற்கும் சமையலின் ருசி ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை. நாள், காசு, பாத்திரம் ஆகிய மூன்றையும் முதலிலேயே வாய்விட்டுப் பேசிக்கொண்டோமா என்பதில்தான் எல்லாம் இருந்தது. அதனால் இந்தக் கட்டுரையில் சமையலுக்கு நிகராக மற்ற பேச்சும் இருக்கும்.

முதலில் ஆளாளாகப் பேசுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் "இந்த வாரம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு கட்டைவிரல் வரும், மற்றவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். நான் முதல் முறை செய்தது இதைவிட மோசம். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டு, ஆறு பேர் வருவார்கள் என்று நினைத்து நான்கு வகை சமைத்தேன். வந்தவர்கள் இரண்டு பேர். மிச்சத்தை டப்பாக்களில் அடைத்தபோது மனது மிகவும் வலித்தது. மறுநாள் விசாரித்தால், ஒருவர் அந்தத் தாளையே பார்க்கவில்லை. இன்னொருவர், அது எனக்குத் தெரிந்த நண்பர்களுக்கான விருந்து என்று நினைத்திருக்கிறார். யாருக்கும் வரக்கூடாது என்ற எண்ணம் இல்லை.

அதனால் ஒவ்வொருவரையும் தனியாகப் பிடியுங்கள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் அந்த மூன்று நிமிடம் போதும். "வாரத்தில் ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம் என்று யோசிக்கிறேன். உங்களுக்கு எந்த நாள் ஒத்துவரும்?" என்று கேளுங்கள். வருவீர்களா என்று கேட்பதைவிட எந்த நாள் என்று கேட்பது நல்லது. பதில் சொல்லும்போதே அவர் இந்த ஏற்பாட்டில் ஒரு பங்காளி ஆகிவிடுகிறார்.

எல்லோரும் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று பேர் சரி என்றால் ஆரம்பித்துவிடலாம். வீட்டு உரிமையாளரும் அதே வீட்டில் இருந்தால், அல்லது வாடகை ஒப்பந்தத்தில் சமையலறை நேரம் குறித்து ஏதாவது எழுதியிருந்தால், அதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

யார் எதைச் சாப்பிட மாட்டார்கள்

இந்தப் பேச்சின் போதே கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இது. இதில் மட்டும் அவசரப்படவே கூடாது. பிடிக்காதது, கொள்கையாலோ சமயத்தாலோ தவிர்ப்பது, உடம்புக்கு ஆகாதது என்று மூன்று வகை உண்டு. பிடிக்காததை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடலாம். மற்ற இரண்டில் ஒரு கரண்டி தவறினாலும் தவறுதான்.

ஒவ்வாமை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எந்தப் பொருளுக்கு, எவ்வளவு தீவிரம், தொட்ட கரண்டி பட்டாலும் ஆகாதா என்று தயங்காமல் கேளுங்கள். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் ஊசி வைத்திருப்பவர் என்றால் அது எந்த இடத்தில் இருக்கிறது, எப்படிப் போடுவது என்பதை வீட்டில் இன்னும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த நாட்டின் அவசர உதவி எண்ணும் எல்லோர் ஃபோனிலும் இருக்கட்டும். பால் ஒவ்வாமையும், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாமையும் வேறு வேறு. லாக்டோஸ் நீக்கிய பால் இரண்டாமவருக்குச் சரி, முதலாமவருக்கு ஆபத்து. குளூட்டன் என்ற தானியப் புரதம் ஆகாத சீலியாக் நோய் உள்ளவருக்குக் கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆகாது. ரொட்டித் தூள் ஒட்டிய பொது டோஸ்டரும் அவருக்குச் சிக்கல்தான். சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துத் தயாரிக்கப்படுவது என்பது பலருக்குத் தெரியாது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பொருட்பட்டியலில் தடித்த எழுத்து போல ஏதோ ஒரு வகையில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அமெரிக்காவில் அந்தப் பட்டியல் 9. ஒன்பதாவதாக எள் சேர்ந்தது 2023 முதல்தான். ஒரு நாட்டில் பழகிய கண் இன்னொரு நாட்டு லேபிளில் எதையாவது தவறவிடும். எனவே ஒவ்வாமை உள்ளவரிடமே பாக்கெட்டைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

சைவம் என்ற சொல்லுக்கும் ஆளுக்கொரு எல்லை. முட்டை உண்டா, பால் உண்டா, தேன் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. மிட்டாயிலும் சில தயிர் வகைகளிலும் இருக்கும். சில பாலாடைக்கட்டிகளை உறைய வைக்கச் சேர்க்கும் ரென்னெட், கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. சூப் கட்டிகளில் கோழிக் கொழுப்போ மாட்டுச் சாறோ கலந்திருக்கலாம். ஹலால் பார்ப்பவர்களுக்கும், யூத சமய உணவு விதியான கோஷர் பார்ப்பவர்களுக்கும் இறைச்சி எங்கே வாங்கியது என்பதோடு, எந்தப் பாத்திரத்தில் சமைத்தது என்பதும் முக்கியமாக இருக்கலாம்.

சூப் கட்டி விஷயத்தை நான் அனுபவத்தில் கற்றேன். காய்கறிக் குழம்புக்கு ருசி கூடட்டும் என்று அலமாரியில் இருந்த ஒரு கட்டியைப் பிரித்துப் போட்டேன், லேபிளைப் பார்க்கவில்லை. இறைச்சி சாப்பிடாத ஒரு தோழி பாதித் தட்டு சாப்பிட்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர் மேசை மேல் கிடந்த வெள்ளித்தாளை எடுத்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அவள் கரண்டியைச் சத்தமில்லாமல் தட்டின் ஓரத்தில் வைத்தாள், தண்ணீர் குடித்தாள், "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அந்தப் "பரவாயில்லை" இன்றும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சமைத்த பொருள்களின் பாக்கெட்டுகளைச் சாப்பிட்டு முடியும்வரை குப்பையில் போடுவதில்லை. ஒரு தட்டில் அடுக்கி மேடையிலேயே வைத்துவிடுவேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், என்னிடம் கேட்க வேண்டிய சங்கடமும் இல்லை.

நாளும் நேரமும்

ஒரு நாளை முடிவு செய்தால் அதை மாற்றாதீர்கள். "இந்த வாரம் எப்போது வைத்துக்கொள்ளலாம்?" என்று வாராவாரம் கேட்க ஆரம்பித்த வீட்டில்தான் மூன்றாவது வாரம் எல்லாம் நின்றுபோனது. நாள் நிலையாக இருந்தால், வர முடியாதவர் மட்டும் சொன்னால் போதும். முதல் நாள் இரவுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பொருள் வாங்குபவருக்கு அது வசதி.

ஷிஃப்ட் வேலைக்காரர்கள் இருக்கும் வீட்டில் இரவுச் சாப்பாடு ஒத்துவராது. விடுமுறை நாளின் பகல் சாப்பாடோ, தாமதமான காலைச் சாப்பாடோ பொருந்தும். சாப்பிட உட்காரும் நேரத்தையும் எழுந்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். "ஏழு மணிக்கு உட்கார்ந்தால் எட்டரைக்கு முடித்துவிடலாம்" என்று தெரிந்தால், மறுநாள் தேர்வு இருப்பவரும் வந்து உட்காருவார். முடியும் நேரம் தெரியாத அழைப்புக்குப் பலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

காசு

காசைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்களால்தான் காசுச் சண்டை வருகிறது. முதல் சாப்பாட்டுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். மூன்று முறைகளைப் பார்த்திருக்கிறேன்.

முறை வைத்துச் சமைத்து, சமைப்பவரே செலவையும் ஏற்பது முதல் வகை. கணக்கே வேண்டாம் என்பதால் சுலபமாகத் தெரியும். ஆனால் ஒருவர் தன் முறையில் கறியும் மீனும் வாங்குவார், இன்னொருவர் தன் முறையில் உருளைக்கிழங்கோடு முடித்துவிடுவார். இரண்டு மாதத்தில் முகம் சுருங்க ஆரம்பிக்கும். ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவருவது இரண்டாவது. எப்போதாவது ஒருமுறை நன்றாக இருக்கும். வாராவாரம் என்றால் ஒரே மாலையில் ஐந்து பேர் நான்கு அடுப்புக்குப் போட்டி போட வேண்டியிருக்கும்.

நான் சொல்வது மூன்றாவது. இரண்டு பேர் சேர்ந்து சமைப்பது, ரசீதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவது, சாப்பிட்டவர்கள் தலைக்கு வகுத்து அன்றிரவே கொடுத்துவிடுவது. இறைச்சி, மது போன்றவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். ஐந்து பேர் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். பொதுப் பொருள்களுக்கு உங்கள் நாணயத்தில் 30, இறைச்சிக்கு 12 ஆனது. இறைச்சி சாப்பிட்டவர்கள் மூன்று பேர். எல்லோருக்கும் 6, அந்த மூவருக்கு மட்டும் கூடுதலாக 4. அதாவது இருவர் 6 கொடுப்பார்கள், மூவர் 10. மொத்தத்தையும் ஐந்தால் வகுத்திருந்தால் ஆளுக்கு 8.40 வந்திருக்கும். தான் தொடாத இறைச்சிக்குக் காய்கறிக்காரர் வாராவாரம் 2.40 கட்டிக்கொண்டிருப்பார். வாய் திறந்து சொல்லமாட்டார், ஒருநாள் வராமல் இருந்துவிடுவார்.

எண்ணெய், உப்பு, மிளகு, பாத்திரம் கழுவும் திரவம், குப்பைப் பை ஆகியவற்றுக்கு மாதம் ஒருமுறை எல்லோரும் சிறு தொகை போட்டு ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள். இவை தீரும்போது எப்போதும் ஒரே ஆள்தான் வாங்கிவைப்பார், அவருக்குத்தான் மனக்குறை சேரும்.

கையில் காசு நெருக்கடியாக இருப்பவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். செலவுக்கு ஒரு மேல் எல்லை வைத்து அதற்குள் சமைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை. "நீ கொடுக்க வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடாதீர்கள். கூடுதலாகக் காய் நறுக்குவது போன்ற வேலையாகக் கொடுக்க விரும்பினால், அதைப் பேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்ன சமைப்பது, எவ்வளவு

முதல் சில வாரங்களுக்கு ஒரே பானையில் முடிகிற உணவு போதும். அடிப்படை சைவமாக இருக்கட்டும். இறைச்சியோ முட்டையோ பாலாடைக்கட்டியோ வேண்டுபவர்கள் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் வைத்துச் சேர்த்துக்கொள்ளட்டும். காரத்தையும் இப்படியே மேசைக்குக் கொண்டுபோய்விடலாம். குறைவாகப் போட்டுச் சமைத்தால் வேண்டியவர் கூட்டிக்கொள்வார். கூடிப்போன காரத்தை யாரும் குறைக்க முடியாது.

அளவுதான் புதியவர்களை ஏமாற்றும். அரிசி என்றால் ஆளுக்கு 75 முதல் 90 கிராம் வரை, பாஸ்தா என்றால் 80 முதல் 100 கிராம் வரை, காய்ந்த பயறு என்றால் 50 முதல் 60 கிராம் வரை வைத்துக்கொள்ளுங்கள். அரிசி வெந்தால் எடை இரண்டரை முதல் மூன்று மடங்காகும், பயறு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வரும். ஆறு பேருக்கு அரை கிலோ அரிசி என்றால் நான்கு லிட்டர் பானை வேண்டும். என்னிடம் இருந்தது இரண்டரை லிட்டர். நுரை பொங்கி அடுப்பில் வழிந்தது. தீயைக் கூட்டினேன், குறைத்தேன். கடைசியில் அடியில் விரல் கனத்துக்குக் கருகல், மேலே நறநறவென்று வேகாத அரிசி. நடுவில் இருந்ததை மட்டும் எடுத்து ஆறு தட்டுகளில் பங்கு போட்டேன். பெரிய பானை இல்லையென்றால் இரண்டு சிறிய பானைகளில் வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்டக்‌ஷன் அடுப்பு என்றால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது.

இரண்டு பேருக்கான செய்முறையை ஆறு பேருக்கு அப்படியே மூன்றால் பெருக்கக்கூடாது. மூடி வைத்த பானையிலிருந்து ஆவியாகப் போகும் தண்ணீர் மூன்று மடங்கு ஆவதில்லை. அதனால் அரிசிக்குத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். உப்பையும் காரத்தையும் கணக்கில் வரும் அளவில் முக்கால் பங்கு போட்டுவிட்டு, ருசி பார்த்துக் கூட்டுங்கள். வெங்காயம் ஒரு கிலோவை ஒரே சட்டியில் கொட்டினால் சிவக்காது, தண்ணீர் விட்டு வேகும். இரண்டு தடவையாக வதக்குங்கள். நேரமும் நீளும். ஐந்து லிட்டர் தண்ணீர் கொதிப்பதற்கே சில அடுப்புகளில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பயறு வகைகளில் ஒரு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. அரைவேக்காடாகச் சில விதைகள் சாப்பிட்டாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவையுங்கள். ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடவே கூடாது, அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அப்படியே சேர்க்கலாம்.

சமைக்கும் நாள்

சாப்பிடும் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே ஆரம்பியுங்கள். முதல் வேலை சிங்க்கைக் காலி செய்து மேடையைத் துடைப்பது. மற்றவர்களுடைய பாத்திரம் கிடந்தாலும் முணுமுணுக்காமல் ஒரு ஓரமாக அடுக்கிவிடுங்கள், அந்தப் பேச்சு சாப்பாட்டு நாளில் வேண்டாம். அன்றைக்கு இந்த நேரம் முதல் அடுப்பு எங்களுக்கு வேண்டும் என்று காலையிலேயே குழுவில் சொல்லிவிடுவது மற்றவர்களுக்கும் நல்லது.

ஒவ்வாமைக்காரருக்கானதை முதலில், சுத்தமான பலகையில், சுத்தமான கரண்டியால் செய்து மூடி வைத்துவிடுங்கள். பச்சை இறைச்சியைக் கடைசியில் வெட்டுங்கள், தனிப் பலகையில். கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் தண்ணீர் கிருமிகளைச் சிங்க் முழுக்கப் பரப்பும், வேகவைத்தாலே அவை செத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளில் பச்சையையும் வெந்ததையும் பிரித்து வைப்பது ஒன்று, நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை நன்றாக வேகவைப்பது இன்னொன்று.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. எட்டுகிற தூரத்தில் என்றால் அடுப்பை அணையுங்கள், மூடியால் சட்டியை மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். தீ பெரிதாகிவிட்டால் எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய் அவசர எண்ணை அழைப்பதுதான் வழி. தாளிக்கும் புகைக்குப் புகை அலாரம் அலறுகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் உறங்கும் வீடு அது. ஜன்னலைத் திறங்கள், புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள்.

காய் நறுக்கும் வேலையை யாராவது கேட்டு வந்தால் "வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிவிடாதீர்கள். மொழி சரியாக வராதவர்கள் மேசையில் பேசுவதைவிட மேடைக்கு முன்னால் நின்று நன்றாகப் பேசுவார்கள். கையில் ஒரு வேலை இருந்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் சங்கடமாக இருக்காது. "இதை உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்?" என்று பூண்டைக் காட்டிக் கேட்டே எனக்கு இரண்டு மொழிகளில் காய்கறிப் பெயர்கள் பழகின.

மேசையில்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. இரண்டு பேர் மூன்றாமவருக்குத் தெரியாத மொழியில் பேசிக்கொண்டே இருந்தால், அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் புரிகிற மொழிக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருங்கள். ஒரே மொழிக்காரர்கள் இருவர் இருக்கும் வீட்டில் இது மிகவும் கவனிக்க வேண்டியது, அந்த இருவரில் நாமும் ஒருவராக இருந்தால் இன்னும் கூடுதலாக. ஃபோன்களை ஒரு கூடையில் போடச் சொல்லும் கட்டுப்பாடெல்லாம் தேவையில்லை. நீங்கள் எடுக்காமல் இருந்தால் போதும்.

எல்லாப் பதார்த்தத்தையும் நடுவில் வைத்து அவரவரே போட்டுக்கொள்ள விடுங்கள். பொதுப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி இருக்க வேண்டும். கையால் சாப்பிடுபவர் கையால் சாப்பிடட்டும், முள்கரண்டி வேண்டுபவர் அதை எடுக்கட்டும். "இன்னும் கொஞ்சம்" என்று ஒருமுறை கேட்கலாம். வேண்டாம் என்றவரை வற்புறுத்தாதீர்கள். நோன்பிலோ உணவுக் கட்டுப்பாட்டிலோ இருப்பவர் வெறும் தேநீர்க் கோப்பையோடு வந்து உட்கார்ந்தாலும் அவருக்கும் அது சேர்ந்த சாப்பாடுதான்.

மிச்சம்

சமைத்த உணவை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பேச்சு நீண்டுவிட்டால் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். பெரிய பானையோடு அப்படியே ஃபிரிட்ஜில் ஏற்றினால் நடுவில் இருப்பது ஆற வெகுநேரமாகும். அகலமான, ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து வையுங்கள்.

சோற்றுக்கு இன்னும் கவனம் வேண்டும். பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்கும் சூட்டையும் தாங்கி நிற்கும். சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. எனவே சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மற்ற மிச்சங்கள் மூன்று நாள் தாங்கும். டப்பா மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, சமைத்த தேதியையும் "எல்லோருக்கும்" என்ற சொல்லையும் எழுதுங்கள். அந்தச் சொல் இல்லாத டப்பாவை நல்லவர்கள் யாரும் தொடமாட்டார்கள், கடைசியில் குப்பைக்குத்தான் போகும்.

பாத்திரம்

சமைத்தவர் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட மற்றவர்களில் இருவர் கழுவ, ஒருவர் துடைத்து அடுக்க, ஒருவர் அடுப்பையும் மேடையையும் துடைத்துக் குப்பையைக் கட்டி வெளியே வைக்கட்டும். அன்றிரவே முடிய வேண்டும். "காலையில் கழுவுகிறேன்" என்று சொன்னவரின் மனது நல்லதாகவே இருக்கும். ஆனால் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புபவர் காபி போட வரும்போது, பிசுக்குப் பிடித்த சட்டிதான் அவரை வரவேற்கும். நான் பார்த்த கசப்பான சண்டைகள் எல்லாம் சிங்க்கில் தொடங்கியவை. எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் உறைந்து அடைக்கும். ஆறவைத்து ஒரு டப்பாவில் சேர்த்து, அந்த ஊர்க் குப்பை விதிப்படி போடுங்கள்.

சமைப்பவர்கள் சமைத்துக்கொண்டே கழுவிவந்தால் கடைசியில் தட்டுகளும் இரண்டு பானைகளும் மட்டுமே மிஞ்சும். கழுவுபவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

வராதவரும் புதிதாக வருபவரும்

எப்போதும் வராத ஒருவர் இருப்பார். அவரைப் பற்றி மேசையில் பேசாதீர்கள். இரண்டாவது வீட்டில் கீழ் அறைக்காரர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு முறையும் வேலை இருக்கிறது என்பார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு தட்டில் எடுத்து, இன்னொரு தட்டால் மூடி, அவருடைய ஃபிரிட்ஜ் தட்டில் வைத்துவிட்டு "சூடாக்கிச் சாப்பிடுங்கள்" என்று ஒரு செய்தி அனுப்புவோம். அதற்கான காசையும் அவரிடம் கேட்டதில்லை. மறுநாள் தட்டு இரண்டும் கழுவி, துடைத்து, பளபளவென்று மேசை மேல் இருக்கும். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, நாங்கள் சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து அவர் கதவருகே வந்து நின்றார். கையில் ஒரு கிண்ணம் நிறைய ஆரஞ்சுச் சுளைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளை நாரை நகத்தால் எடுத்துச் சுத்தம் செய்திருந்தார். உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்டார். ஆறாவது நாற்காலியை முதல் வாரத்திலிருந்தே நாங்கள் எடுக்காமல் வைத்திருந்தோம்.

யாராவது வீட்டைக் காலி செய்துகொண்டு போவதும் புதியவர் வருவதும் நடந்துகொண்டே இருக்கும். வாடகை வீட்டில் எல்லாப் பழக்கமும் உடைவது அந்த வாரத்தில்தான். புதியவர் பெட்டியோடு வந்த அன்றே, வைஃபை பாஸ்வேர்டு சொல்லும்போதே, சாப்பாட்டு நாளையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். அவர் எதைச் சாப்பிட மாட்டார் என்பதையும் அப்போதே கேட்டு, சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் எழுதிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் அவருக்குச் சமையல் முறை வேண்டாம், காசும் வேண்டாம். மூன்றாவது வாரம், ஏற்கெனவே பழகிய ஒருவரோடு ஜோடியாகப் பெயரைப் போடுங்கள். போகிறவர் தன் பெரிய பானையை விட்டுப்போகிறேன் என்றால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், நான்கு லிட்டருக்குக் குறையாமல் இருந்தால்.